பேப் ரூத்: மரபை மீறிய மட்டைவீச்சு

எந்தக் கலைக்கும் அதில் வல்லவர்கள் வகுத்த ஓர் இலக்கணம் உண்டு. அதனைக் கற்பவர் பலர். கற்று, அதன் எல்லைக்குள் நின்று சிறப்பவர் சிலர். அதனையே மாற்றி அமைப்பவர் மிக அரியர். அவ்வாறு மாற்றி அமைப்பவர் பெரும்பாலும் இலக்கணத்தை எதிர்த்துப் போரிட வந்தவராக இருப்பதில்லை. அதன் கண்டிப்பு எட்டாத ஒரு மூலையில் வளர்ந்தவராகவே இருக்கிறார். அமெரிக்க மக்கள் தம் தேசிய விளையாட்டாகப் போற்றும் பேஸ்பாலில் மட்டை வீசும் முறையையே மாற்றிய பேப் ரூத்தின் (1895–1948) வாழ்க்கை இதற்குத் தக்க சான்றாகும்.

பேஸ்பால், தமிழர் நன்கறிந்த கிரிக்கெட்டுக்கு ஒருவகையில் உறவான ஆட்டம். ஆனால் இங்கே பந்து தரையில் பட்டு எழுவதில்லை. எறிபவர் கையிலிருந்து நேரே மட்டையாளரிடம் வருகிறது. மட்டையும் தட்டையானதன்று, உருண்டையானது. இருவருக்கும் இடைப்பட்ட தொலைவு 60 அடி 6 அங்குலம். விரைவாக எறியப்பட்ட பந்து ஏறத்தாழ அரை நொடிக்கும் குறைவான நேரத்தில் இத்தொலைவைக் கடந்துவிடும். உருண்டைப் பந்தும் உருண்டை மட்டையும் ஒன்றையொன்று தொட்டு நிற்பதோ ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. மூன்று முறை தவறினால் மட்டையாளர் ஆட்டமிழந்து திரும்ப வேண்டியதுதான். பந்தை வேலிக்கு அப்பால் பறக்கவிட்டால் அது ‘ஹோம் ரன்’. கிரிக்கெட்டின் சிக்சர் போன்றது. ரூத் 1914 முதல் 1935 வரை 22 ஆட்டப் பருவங்களில் 714 ஹோம் ரன்கள் அடித்தார். அந்த எண் எவ்வாறு பிறந்தது என்பதே அவர் வரலாற்றின் உட்பொருள்.

பிறப்பும் வளர்ப்பும்

ஜார்ஜ் ஹெர்மன் ரூத் 1895 பிப்ரவரி 6ஆம் நாள் மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோர் நகரில் பிறந்தார். தந்தை மதுக்கடை நடத்தியவர். பெற்றோர்க்குப் பிறந்த எட்டுக் குழந்தைகளுள் ஜார்ஜும் மேமி என்னும் தங்கையும் மட்டுமே பிழைத்தனர். கடையிலேயே நாள் முழுதும் கழித்த பெற்றோரால் மகனைப் பேண இயலவில்லை. துறைமுகத் தெருக்களில் திரிந்து, யாருக்கும் அடங்காதவன் என்று பெயரெடுத்த சிறுவனை 1902இல், அவனுடைய ஏழாம் வயதில், செயின்ட் மேரி தொழிற்பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தனர். ஆதரவற்ற சிறுவரும் அடங்காச் சிறுவரும் ஒருங்கே வாழ்ந்த அவ்விடத்தைச் சவேரியார் சபைத் துறவியர் நடத்திவந்தனர். இடையிடையே வீடு திரும்பிய காலம் தவிர, 1914 வரை அவருக்கு அதுவே வீடு. அங்கே அவர் கற்ற தொழில் சட்டை தைத்தல்.

அப்பள்ளியில் மத்தியாஸ் என்னும் துறவி ஒருவர் இருந்தார். ஆறடிக்கும் மேல் ஓங்கிய பேருருவம், அடக்கமான குரல். மாலை வேளைகளில் அவர் ஒரு கையில் மட்டையைப் பிடித்துப் பந்தை உயர அடிப்பார். சிறுவர் கூட்டம் வான்நோக்கி நின்று அதைப் பிடிக்க ஓடும். ஒற்றைக் கையால் அத்தனை உயரம் பந்தை எழுப்பிய அக்காட்சி சிறுவன் ரூத்தின் மனத்தில் ஆழப் பதிந்தது. மத்தியாஸ் பந்தை உருட்டிவிடவில்லை, மேலே எழுப்பினார். ரூத் கண்ட முதல் வீச்சே மேல்நோக்கிய வீச்சு. நடையிலும் ஓட்டத்திலும் மட்டையைப் பிடிப்பதிலும் தாம் அத்துறவியையே பின்பற்றியதாக ரூத் பிற்காலத்தில் நன்றியுடன் கூறிவந்தார். தாய் 1912இலும் தந்தை 1918இலும் மறைந்தபின்னரும், தந்தை என்னும் இடத்தில் அவர் வைத்துப் போற்றியது மத்தியாஸையே.

1914 பிப்ரவரியில் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியின் உரிமையாளர் ஜாக் டன் அவரை ஒப்பந்தம் செய்து அழைத்துச் சென்றார். அணியினர் அப்புதிய இளைஞருக்கு இட்ட ‘பேப்’ (குழந்தை) என்னும் பட்டப்பெயர் இறுதிவரை நிலைத்தது. அவ்வாண்டு ஜூலையிலேயே அவர் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணிக்கு விற்கப்பட்டார். அவர்கள் அவரை வாங்கியது மட்டைக்காக அன்று, இடக்கையால் பந்தெறிவதற்காக.

அக்காலத்தின் அடிமுறை

ரூத் வந்து சேர்ந்தபோது மட்டைவீச்சுக்கு ஓர் உறுதியான இலக்கணம் இருந்தது. மட்டையின் அடிமுனையை விட்டுக் கைகளைச் சற்று மேலேற்றிப் பிடிக்க வேண்டும். வீச்சு குறுகியதாக, தரைக்கு இணையாகவோ கீழ்நோக்கியோ அமைய வேண்டும். பந்தைத் தடுப்பாளர் நில்லாத இடம் பார்த்துத் தட்டிவிட்டு விரைந்தோட வேண்டும். இம்முறையின் பேரரசர் டை காப். இரு கைகளுக்கும் இடையே இடைவெளி விட்டு மட்டையைப் பிடித்த அவர், பந்தைத் தாம் வேண்டிய திசையில் செலுத்துவதில் ஒப்பற்றவர். பேஸ்பால் என்பது மதியூகத்தின் ஆட்டம் என்று அவரும் அவர் காலத்தவரும் கருதினர்.

அவ்விலக்கணம் மூடநம்பிக்கையால் எழுந்ததன்று. அக்காலத்தில் ஒரே பந்தைக் கொண்டு ஆட்டத்தின் பெரும்பகுதியையும் நடத்துவர். எச்சிலும் மண்ணும் புகையிலைச் சாறும் ஏறிக் கறுத்து, அடிபட்டு மென்மையாகிப்போன அப்பந்து எத்துணை வலிமையாக அடித்தாலும் நெடுந்தொலைவு பறவாது. உயர எழுந்த பந்து பெரும்பாலும் தடுப்பாளர் கையில்தான் விழும். ஆகவே உயர அடிப்பது பேதைமை எனப்பட்டது. 1911 முதல் 1914 வரை அமெரிக்கன் லீகில் ஹோம் ரன் அடித்தவருள் முன்னின்ற ஃபிராங்க் பேக்கரின் பெயரோடு ‘ஹோம் ரன்’ என்பதே அடைமொழியாக ஒட்டிக்கொண்டது. அவர் ஓராண்டில் அடித்த மிகுதியான எண்ணிக்கை 12 மட்டுமே.

திருத்துவார் இல்லாத இடம்

இந்நிலையில்தான் ரூத்தின் தொழில் அவருக்கு எதிர்பாராத ஒரு நன்மையைச் செய்தது. பந்தெறிபவர் சில நாள்களுக்கு ஒருமுறையே களம் இறங்குவார். அவரும் தம் முறைவரும்போது மட்டை பிடிக்க வேண்டும் என்பது அக்கால விதி. ஆயினும் அவர் மட்டையால் அடிப்பார் என எவரும் எதிர்பார்ப்பதில்லை. அவருடைய வீச்சு பிழையானதா சரியானதா என்று பார்த்துத் திருத்தப் பயிற்சியாளர் எவரும் நேரத்தைச் செலவிடார். அவர் மும்முறை தவறித் திரும்பினாலும் கடிந்துரைப்பார் இலர். நாள்தோறும் ஆடும் மட்டையாளராக ரூத் அணிக்குள் நுழைந்திருந்தால், முதல் மாதத்திலேயே அவருடைய கைகள் மட்டையின் மேலே ஏற்றப்பட்டிருக்கும், வீச்சு குறுக்கப்பட்டிருக்கும். யாருடைய பொறுப்பிலும் இல்லாத அந்த மூலையில், தமக்கு இன்பம் தந்தபடியெல்லாம் அவர் முழு உடலாலும் மட்டையை வீசினார்.

1915 மே 6இல் நியூயார்க்கின் போலோ மைதானத்தில் அவர் தம் முதல் ஹோம் ரன்னை அடித்தார். அப்பருவத்தில் அவருக்குக் கிட்டிய மட்டை வாய்ப்புகள் நூறுக்கும் குறைவு. அவற்றுள் நான்கு ஹோம் ரன்கள். அந்த லீகில் முதலிடம் பெற்றவர் அடித்தது ஏழே ஏழு. அதே காலத்தில் அவருடைய பந்தெறியும் ஆற்றலும் உச்சத்தில் இருந்தது. 1916இல் 23 வெற்றிகள். 1917இல் 24 வெற்றிகள். நாட்டின் மிகச் சிறந்த இடக்கைப் பந்தெறிவாளருள் ஒருவராக மதிக்கப்பட்ட இளைஞர் அவர்.

எனவே அவரை நாள்தோறும் ஆடும் மட்டையாளராக மாற்றுவது எளிய முடிவாக இல்லை. உறுதியான ஒரு சிறப்பைக் கைவிட்டு, உறுதியற்ற மற்றொன்றைத் தேடுவதாகவே அது தோன்றியது. அணித்தோழர் ஹாரி ஹூப்பர் வற்புறுத்த, மேலாளர் எட் பாரோ தயக்கத்துடன் 1918இல் அம்மாற்றத்தைத் தொடங்கினார். அவ்வாண்டு ரூத் 11 ஹோம் ரன்களுடன் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். 1919இல் 29 அடித்து, 1884 முதல் நிலைத்திருந்த 27 என்னும் சாதனையைக் கடந்தார். அதன்பின் அவர் பந்தெறிந்த ஆட்டங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை.

ஜாக்சன் தந்த கொடை

ரூத்தின் வீச்சு முற்றிலும் தான்தோன்றியானது எனல் பொருந்தாது. அதற்கு ஒரு முன்மாதிரி இருந்தது. தென் கரோலினாவின் பஞ்சாலையில் சிறுவயதிலேயே உழைக்கப் புகுந்து, எழுதப் படிக்கக் கல்லாமல் வளர்ந்த ஜோ ஜாக்சன் என்பவரே அம்முன்மாதிரி. ‘காலணியற்ற ஜோ’ என மக்கள் அவரை அழைத்தனர். 1911இல் ஆயிரம் வாய்ப்புக்கு 408 என்ற விகிதத்தில் அடித்து வியப்பூட்டியவர். மட்டையின் அடிமுனை வரை கைகளை இறக்கிப் பிடித்து, கால்களை நெருக்கமாக வைத்து நின்று, பந்து வரும்போது நீண்ட அடியெடுத்து வைத்து முழுமையாக வீசுவது அவர் பாணி. தாம் கண்ட மட்டையாளருள் இயல்பான பெருந்திறன் உடையவர் அவரே என்று கருதிய ரூத், அவர் நிற்பதையும் அடி வைப்பதையும் உற்றுநோக்கித் தமதாக்கிக்கொண்டார். ஜாக்சனின் வீச்சில் இல்லாத ஒன்றை அதில் சேர்த்தார்: மட்டையின் பாதையை மேல்நோக்கி வளைத்தார்.

இக்கொடையின் பின்னே ஒரு துயரமும் உண்டு. 1919 உலகத் தொடரில் தோற்பதற்குப் பணம் பெற்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட எட்டு ஆட்டக்காரருள் ஜாக்சனும் ஒருவர். 1921 ஆகஸ்டில் நடுவர் குழு அவர்களை விடுவித்தது. ஆயினும் மறுநாளே ஆணையர் லேண்டிஸ் அவர்கள் அனைவரையும் வாழ்நாள் முழுதும் ஆட்டத்திலிருந்து விலக்கினார். 1951இல் ஜாக்சன் மறைந்த பின்னரும் நீடித்த அத்தடை 2025இல்தான் நீங்கியது. அவர் விலக்கப்பட்ட அதே 1921ஆம் ஆண்டில், அவரிடமிருந்து பெற்ற வீச்சைக் கொண்டு ரூத் 59 ஹோம் ரன்கள் அடித்தார். ஆசான் களத்தை விட்டு விரட்டப்பட்ட ஆண்டில் அவர் நடை மாணவரின் உடலில் உச்சத்தை எட்டியது. பயன் முழுதும் மாணவருக்கே சென்றதாயினும், யாரிடமிருந்து பெற்றார் என்பதை ரூத் மறைத்ததில்லை.

வீச்சின் இலக்கணம்

ரூத்தின் வலிமை அவருடைய தோளிலும் புயத்திலும் இருந்ததாகப் பார்த்தவர் எண்ணினர். அகன்ற மார்பும் மெலிந்த கால்களும் உடைய அவர் உருவம் அவ்வாறு எண்ணத் தூண்டியது. உண்மை அதற்கு மாறானது. அவ்வலிமை தரையிலிருந்து புறப்பட்டது.

அவர் இடக்கை மட்டையாளர். இரு பாதங்களையும் நெருக்கி வைத்து நிற்பார். வலத் தோள் உள்நோக்கித் திரும்பியிருக்கும். எறிபவர் காண்பது அவர் முதுகின் ஒரு பகுதியைத்தான். உடலின் பாரம் முழுதும் பின்னங்காலாகிய இடக்காலில் தங்கியிருக்கும். பந்து கையை விட்டுப் புறப்படும் வேளையில் வலப் பாதத்தை எடுத்து முன்னே நெடிய ஓர் அடி வைப்பார். அப்போது பாரம் முன்னே நகரும்; ஆனால் கைகள் நகரா. அவை மட்டையுடன் பின்னேயே தங்கும். இடுப்பு முன்னும் கைகள் பின்னுமாக உடல் முறுக்கேறும் அந்த நொடிப்பகுதியே வீச்சின் உயிர்நிலை. முன்வைத்த கால் ஊன்றி விறைத்து நிற்கும்போது நகர்ச்சி தடைப்பட்டுச் சுழற்சியாக மாறும். முதலில் இடுப்பு சுழலும், அது நிற்கும் தறுவாயில் தோள் சுழலும், பின்னர் கை, இறுதியாக மணிக்கட்டும் மட்டையும்.

சாட்டையைச் சொடுக்குபவரின் கை ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. அவ்வாறு நிற்பதனாலேயே நுனி காற்றைக் கிழிக்கிறது. தினைப்புனம் காப்பவர் வீசிய கவணிலும் கல்லுக்கு விரைவு தருவது விரல் அன்று, உடலின் சுழற்சி. ரூத்தின் வீச்சும் அத்தகையது. ஒவ்வோர் உறுப்பும் தனக்கு முந்தியதிடம் விரைவைப் பெற்று, தன் பங்கைச் சேர்த்து, அடுத்ததற்குக் கொடுத்துவிட்டு ஓய்கிறது. கை முந்திக்கொண்டால் சங்கிலி அறுந்துவிடும். பின்னர் எத்துணைப் புயவலிமை இருந்தாலும் பயனில்லை. வலிமையாக அடிக்க விரும்பும் இளைஞர் பெரும்பாலும் செய்யும் பிழை இதுவே. கையை இறுக்கி, இடுப்பு திரும்புமுன் மட்டையை இழுத்துவிடுகின்றனர். பொறுத்திருக்கும் கையே விரைந்த கை என்பது ரூத்தின் வீச்சு தரும் முதற் பாடம்.

இரண்டாவது, வீச்சின் பாதை. எறிபவர் சற்று உயர்ந்த மேட்டில் நின்று எறிகிறார். பந்தும் புவியீர்ப்பால் தாழ்ந்துகொண்டே வருகிறது. அதனைக் கீழ்நோக்கிய வீச்சால் எதிர்கொண்டால் இரண்டின் பாதைகளும் ஒரு புள்ளியில் வெட்டிக்கொள்ளும். கணம் தப்பினால் எல்லாம் தப்பும். மட்டை சிறிதே மேல்நோக்கி எழுமானால், வரும் பந்தின் பாதையிலேயே அது சற்று நீண்ட நேரம் பயணம் செய்யும். அடிபட்ட பந்தும் தரையில் உருளாமல் வானில் எழும். பேதைமை எனப் பழிக்கப்பட்ட மேல்வீச்சுக்குள் இத்தகைய கணக்கு ஒன்று மறைந்திருந்தது. ரூத் அதைத் தாளில் போட்டுப் பார்க்கவில்லை, உடல் அறிந்திருந்தது.

மூன்றாவது, பிடி. கீழ்க்கையின் உள்ளங்கை மட்டையின் குமிழையே தழுவும்படி அவர் பிடித்தார். ஆரம் நீண்டால் நுனியின் விரைவு கூடும். 1920களின் தொடக்கத்தில் 54 அவுன்சு, அதாவது ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ள மட்டைகளையும் அவர் கையாண்டார். பின்னர் எடையைக் குறைத்துக்கொண்டே வந்து, அப்பத்தாண்டின் பிற்பகுதியில் 40 அவுன்சு அளவுக்கு இறங்கினார். இது தளர்ச்சியால் மட்டும் நேர்ந்ததன்று. மட்டையின் எடையை இருமடங்காக்கினால் அதன் இயக்க ஆற்றல் இருமடங்குதான் ஆகும். விரைவை இருமடங்காக்கினாலோ நான்மடங்காகும். பளுவைவிட விரைவே பெரிது என்பதை அவர் அனுபவத்தால் உணர்ந்தார். பின்வந்த தலைமுறைகள் அதனினும் இலகுவான மட்டைகளையே நாடின.

ஆய்வுக்கூடத்தில் ஒரு நாள்

1920 தொடக்கத்தில், பாஸ்டன் அணி ரூத்தை நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு விற்ற செய்தி அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டில் அவர் அடித்தவை 54. இரண்டாம் இடம் பெற்றவர் அடித்தவை 19. அமெரிக்கன் லீகின் ஏனைய ஏழு அணிகளுள் எந்த ஓர் அணியும் முழுமையாகச் சேர்ந்துகூட 54ஐ எட்டவில்லை. காலமும் அவருக்குத் துணைநின்றது. பந்தில் எச்சில் முதலியன பூசுவதற்கு அவ்வாண்டில் தடை வந்தது. ஆகஸ்டில் பந்து தலையில் பட்டு ரே சாப்மன் என்னும் ஆட்டக்காரர் உயிரிழந்த பின்னர், கறுத்த பந்தை நீக்கிப் புதுப்பந்தை இடும் வழக்கம் வலுப்பெற்றது. ஆயினும் அதே பந்து எல்லார்க்கும்தான் எறியப்பட்டது. அதனைப் பயன்படுத்திக்கொள்ளும் வீச்சு அப்போது ரூத் ஒருவரிடமே முழுமையாக இருந்தது.

1921இல் செய்தியாளர் ஒருவரின் ஏற்பாட்டால் ரூத் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் உளவியல் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டார். ஆல்பர்ட் ஜோஹான்சன், ஜோசப் ஹோம்ஸ் என்னும் இருவர் அவருடைய கண், காது, நரம்பு, தசை ஆகியவற்றைக் கருவிகளால் அளந்தனர். அவர் கண்ணின் எதிர்வினை பொதுமக்களைக் காட்டிலும் 12 விழுக்காடு விரைவானது எனக் கண்டனர். ஆய்வின் முடிவுகள் அவ்வாண்டு அக்டோபரில் மக்கள் அறிவியல் இதழ் ஒன்றில் வெளியாயின. பேரரசர் போலப் புகழப்பட்ட மனிதரைக் கருவிகளும் புகழ்ந்தன என்ற அளவில் நாட்டினர் மகிழ்ந்தனர்.

ஆனால் அவ்வாய்வு கண்ட நுட்பமான உண்மை ஒன்று உண்டு. மட்டையை வீசும் கணத்தில் ரூத் மூச்சை அடக்கிக்கொண்டார். மூச்சைத் தடையின்றி விட்டபடி வீசினால் அவருடைய வலிமை இன்னும் கூடும் என்பது ஆய்வாளர் கருத்து. உலகம் வியந்த வீச்சிலும் திருத்தத்துக்கு இடம் இருந்தது. மூச்சுக்கும் அசைவுக்கும் உள்ள இசைவைச் செய்யுள் வழியே அறிந்த கவிஞருக்கு இச்செய்தி புதிதாகத் தோன்றாது.

வீச்சின் விலை

முழு வீச்சுக்கு ஒரு விலை உண்டு. குறுகிய வீச்சாளர் கடைசிக் கணத்தில் கையை மாற்றிக்கொள்ளலாம். முழு உடலையும் ஒப்புக்கொடுத்தவருக்கு அவ்வாய்ப்பு இல்லை. ரூத் மும்முறை தவறி ஆட்டமிழந்தது 1,330 முறை. 1964 வரை அவ்வகையில் அவரை எவரும் விஞ்சவில்லை. தவறினாலும் வீச்சை அவர் பாதியில் நிறுத்துவதில்லை. மட்டை சுழன்று, உடல் திருகி, சில வேளை நிலைகுலைந்து தரையில் விழும். அதைக் காண்பதற்கும் கூட்டம் ஆரவாரம் செய்தது. தவறுவதற்கு நாணியவராக இருந்திருந்தால் 714 பிறந்திராது.

எனினும் அவர் கண்மூடி வீசியவர் அல்லர். தகாத பந்துகளை விட்டுக்கொடுத்து, வீசாமலே முதல் தளத்துக்கு நடந்து சென்றது 2,062 முறை. எதை அடிப்பது என்பதற்கு முன் எதை அடிக்காமல் விடுவது என்பதை அறிந்திருந்தார். அதனை அறியவும் ஒரு தோல்வி வேண்டியிருந்தது. 1922இல் தடையாணையால் பருவத்தின் முதல் ஆறு வாரங்களை இழந்த அவரை, அவ்வாண்டு உலகத் தொடரில் நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியினர் மெதுவான, தாழ்ந்த வளைபந்துகளால் கட்டிப்போட்டனர். 17 வாய்ப்புகளில் இரண்டே அடிகள். விரைந்த பந்துக்குக் காத்திருந்த உடல் மெதுவான பந்தின்முன் முந்திக்கொண்டு வலிமையை இழந்தது. மறு ஆண்டு யாங்கீஸ் அணியின் புதிய அரங்கம் திறக்கப்பட்ட ஏப்ரல் 18இல் அவர் அடித்த ஹோம் ரன் அப்பருவத்தின் முன்னறிவிப்பாக அமைந்தது. 1923இல் அவர் ஆயிரத்துக்கு 393 என்ற விகிதத்தில் அடித்தார். 170 முறை வீசாமல் நடந்தார். உலகத் தொடரில் மூன்று ஹோம் ரன்கள் அடித்துத் தம் அணியின் முதல் வாகைக்கு வழிகோலினார். வீச்சின் வடிவம் மாறவில்லை. அதைத் தொடங்கும் பொறுமை வளர்ந்திருந்தது.

சரிவும் மீட்சியும்

இளமையில் உணவையும் அன்பையும் அளவோடு கண்டவர், செல்வம் வந்தபோது எதற்கும் அளவு வைக்கவில்லை. உணவு, மது, இரவுக் களியாட்டம் ஆகியன உடலைத் தின்றன. 1925 ஏப்ரலில் ஆஷ்வில் நகர ரயில் நிலையத்தில் மயங்கி விழுந்தார். அறுவை மருத்துவம் நடந்தது. திரும்பி வந்தவர் 25 ஹோம் ரன்களே அடித்தார். ஒழுங்கின்மைக்காக மேலாளர் மில்லர் ஹக்கின்ஸ் 5,000 டாலர் தண்டம் விதித்தார். வயது 30, அவர் கதை முடிந்தது என்று பலரும் எழுதினர்.

வீச்சு இடுப்பில் பிறப்பதாயின், இடுப்பு கொழுத்தவுடன் வீச்சு சாகும். அவ்வாண்டுக் குளிர்காலத்தில் ரூத் நியூயார்க்கில் ஆர்ட்டி மெக்கவர்ன் என்பவரின் உடற்பயிற்சிக் கூடத்தில் தம்மை ஒப்படைத்தார். உணவுக் கட்டுப்பாடும் நாள் தவறாத பயிற்சியும் உடலை மீட்டன. மட்டைவீச்சைத் திருத்த அவர் மட்டையைத் தொடவில்லை. வீசும் உடலைத் திருத்தினார். 1926இல் 47, 1927இல் 60, 1928இல் 54. அறுபதாவது ஹோம் ரன் 1927 செப்டம்பர் 30ஆம் நாள் வாஷிங்டன் அணியின் டாம் சாக்கரி எறிந்த பந்தில் பிறந்தது. அவருக்கு அடுத்து மட்டை பிடித்த லூ கெரிக் அவ்வாண்டு 47 அடித்தார். ரூத்துக்கு அஞ்சி அவரை நடக்கவிட்டால் கெரிக்கை எதிர்கொள்ள வேண்டும் என்னும் இக்கட்டு எறிபவரைத் துன்புறுத்தியது. அவ்வறுபது 1961 வரை அழியாமல் நின்றது.

இறுதி ஆண்டுகள்

1935இல் 40 வயதில், கால்கள் முற்றும் தளர்ந்த நிலையில், அவர் பாஸ்டன் பிரேவ்ஸ் அணியில் இருந்தார். மே 25இல் பிட்ஸ்பர்க் நகரின் ஃபோர்ப்ஸ் மைதானத்தில் ஒரே நாளில் மூன்று ஹோம் ரன்கள் அடித்தார். மூன்றாவது, வலப்புற இரட்டையடுக்கு மாடத்தின் கூரையையே கடந்து சென்றது. அதற்கு முன் எவரும் அவ்வாறு அடித்ததில்லை. அதுவே 714ஆவது, அதுவே கடைசி. ஓடுவதற்கு மறுத்த கால்கள், ஓரடி எடுத்து வைத்து ஊன்றி நிற்பதற்கு மட்டும் கடைசியாக இசைந்தன. சில நாள்களில் ஓய்வு பெற்றார்.

1936இல் பேஸ்பால் புகழ்மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஐவருள் ஒருவரானார். ஆனால் ஓர் அணியின் மேலாளராக வேண்டும் என்ற அவருடைய நெடுநாள் விருப்பம் நிறைவேறவில்லை. தம்மையே ஆளத் தெரியாதவர் பிறரை எவ்வாறு ஆள்வார் என்று உரிமையாளர்கள் தயங்கினர். புற்றுநோயால் மெலிந்த அவர், 1948 ஜூன் 13இல் யாங்கீஸ் அரங்கின் 25ஆம் ஆண்டு விழாவில் பழைய சீருடை அணிந்து, ஒரு மட்டையைக் கைத்தடியாக ஊன்றி நின்றார். நாட் ஃபெயின் என்பவர் பின்னாலிருந்து எடுத்த அப்படம் மறு ஆண்டு புலிட்சர் பரிசைப் பெற்றது. 1948 ஆகஸ்ட் 16இல், தம் 53ஆம் வயதில், ரூத் மறைந்தார். அரங்கில் வைக்கப்பட்ட அவர் உடலை மக்கள் பல்லாயிரவர் வரிசையில் நின்று வணங்கினர்.

நின்று நிலைத்தது

ரூத்தின் எண்கள் ஒவ்வொன்றாகக் கடக்கப்பட்டன. 714ஐ 1974 ஏப்ரல் 8இல் ஹாங்க் ஆரன் கடந்தார். 1947 வரை கறுப்பின ஆட்டக்காரர்க்குப் பெரிய லீகுகளின் கதவு அடைக்கப்பட்டிருந்ததனால், ரூத் தம் காலத்தின் சிறந்தோர் எல்லாரையும் எதிர்கொண்டார் எனல் முழு உண்மையாகாது. தனித்து ஒதுக்கப்பட்ட லீகுகளில் ஆடிய ஜாஷ் கிப்சனின் பதிவுகள் 2024இல் பெரிய லீகுகளின் ஏட்டில் சேர்க்கப்பட்டபோது, அடியின் வலிமையைக் காட்டும் விகிதத்தில் ரூத்தின் .690ஐக் கிப்சனின் .718 முந்தியது. புகழின் வரலாற்றில் இத்தகைய திருத்தங்கள் வேண்டத்தக்கவையே.

எண்கள் பின்தங்கினும் வீச்சு பின்தங்கவில்லை. டெட் வில்லியம்ஸ் 1970களின் தொடக்கத்தில் வெளிவந்த தம் நூலில், மட்டை சிறிது மேல்நோக்கி எழுவதே பந்தின் பாதைக்குப் பொருந்தும் என விளக்கினார். 2015 முதல் பெரிய லீகின் எல்லா மைதானங்களிலும் கருவிகள் ஒவ்வோர் அடியின் விரைவையும் எழுகோணத்தையும் அளக்கத் தொடங்கின. அவற்றைக் கண்டு தம் வீச்சை மேல்நோக்கித் திருத்திக்கொண்ட ஆட்டக்காரர் பலர். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன் திருத்துவார் இல்லாததால் பிழைத்த ஒரு வீச்சை நோக்கி, கருவியின் துணையோடு தம்மைத் திருத்திக்கொண்டு அவர்கள் வந்து சேர்ந்தனர்.

ஒரு துறவியின் ஒற்றைக்கை அடியைக் கண்டு வியந்த சிறுவன், எழுத்தறியா ஒருவரின் நிலையைக் கண்டு கற்ற இளைஞன், தவறுவதற்கு அஞ்சாத மட்டையாளர், தவறியபின் உடலையும் பொறுமையையும் திருத்திக்கொண்ட முதிர்ந்தவர் என ரூத்தின் வாழ்வில் வீச்சு படிப்படியாக வளர்ந்தது. புதியதைத் தருபவர் முன்னோரிடம் பெற்றவராகவும் இருக்கிறார். பெற்றதைத் தம் உடலின் அளவுக்கு வளைத்துக்கொள்ளும் துணிவும், அத்துணிவுக்கு உரிய தோல்விகளை முழுமையாக ஏற்கும் நெஞ்சும் உடையவராகவும் இருக்கிறார். இளையோரின் முதல் முயற்சிகளைத் திருத்த முற்படுவோர், எதைத் திருத்துவது, எதைத் தொடாமல் விடுவது என எண்ணிப் பார்ப்பதற்கும் இவ்வாழ்க்கை இடந்தருகிறது.